ரசீது கேட்டா போலீஸ் ஓடிடுமா? வெளிநாட்டுல வண்டி ஓட்டினவங்க வந்து பதில் சொல்லுங்க

தூரதேசி:
வாடகை ஸ்கூட்டர் பத்தின இழையில சட்டப்புலி நேத்து ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கார். "பேப்பர் எல்லாம் கரெக்டா இருந்தா உலகத்துல எந்த டிராஃபிக் போலீசும் டூரிஸ்ட்கிட்ட காசு கேக்க மாட்டான், மீறிக் கேட்டா ரசீது குடுன்னு சொல்லுங்க, ஓடிடுவான்." இதுதான் அந்த வரி. அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல் வேற, சூப்பர் சார், நெத்தியடி சார்னு. படிச்சதுல இருந்து எனக்கு எரிச்சல் அடங்கல, ஏன்னா இதை நம்பி யாராவது போய் நடுரோட்ல மாட்டிக்கப் போறாங்க.

வெளிநாட்டுக்காரனை ஏன் கையைக் காட்டி ஓரங்கட்டுறாங்க? அவனுக்கு உள்ளூர் பாஷை தெரியாது, எந்தத் தப்புக்கு எவ்வளவு அபராதம்னு தெரியாது, எல்லாத்துக்கும் மேல அவன் பையில ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு. அந்த டிக்கெட்தான் போலீஸ்காரனோட துருப்புச்சீட்டு. நான் ஒரு தீவுல, நாட்டோட பேர் வேணாம், ஹெல்மெட் போட்டு லைசென்ஸ், ஐடிபி (வெளிநாட்டுல ஓட்டறதுக்கான இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்) ரெண்டையும் கையில வெச்சுக்கிட்டுப் போனப்போ நிறுத்தினாங்க. சிக்னல்ல கோட்டைத் தாண்டி நின்னேனாம். ரசீது குடுங்கன்னு கேட்டேன். அந்த ஆள் ஓடவும் இல்ல பதறவும் இல்ல. சாவகாசமா புத்தகத்தை எடுத்தாரு, என் லைசென்ஸை சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு, அடுத்த வாரம் கோர்ட்டுக்கு வந்து கட்டிட்டு வாங்கிக்கோன்னாரு. எனக்கு ஃபிளைட் அதுக்கு முன்னாடி. இப்ப சொல்லுங்க சட்டப்புலி சார், ரசீது கேட்டாச்சு, ஓடினது யாரு?

சட்டப்புலி:
என்னோட ஒரு வரிக்குத் தனி இழையே ஆரம்பிச்ச தூரதேசி அவர்களுக்கு நன்றி.

நீங்க சொன்ன கதையிலயே பதில் இருக்கு. கோட்டைத் தாண்டி நின்னீங்களா இல்லையா? "நின்னேனாம்"னு இழுக்கறீங்களே தவிர நிக்கலன்னு எங்கயும் எழுதல. அடுத்து, ஐடிபி இருந்துச்சுன்னு சொல்றீங்க, அதுல டூவீலருக்கான ஏ கட்டத்துல முத்திரை இருந்துச்சா? கார் லைசென்ஸ் மட்டும் வெச்சிருக்கறவங்களுக்கு பி கட்டத்துல மட்டும்தான் முத்திரை விழும். அதை வெச்சுக்கிட்டு ஸ்கூட்டர் ஓட்டினா லைசென்சே இல்லாம ஓட்டின மாதிரிதான். டூரிஸ்ட்டுங்க நெறைய பேர் பண்றது இதைத்தான், பண்ணிட்டு வந்து போலீஸ் பிடுங்கிட்டான்னு அழறது.

அவர் புத்தகத்தை எடுத்தாருன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப ரசீது குடுக்கத் தயாரா இருந்தாரு. லஞ்சம் கேட்டாருன்னு எங்க இருக்கு? கோர்ட்டுக்குப் போகாதது நீங்க.

ரசீது கேளுங்க. ரசீது கேட்டுக் கெட்டவன் கிடையாது.

வண்டிக்காரன்:
ரெண்டு பேரும் எந்த உலகத்துல இருக்கீங்கன்னு தெரியல. நிறுத்தினானா, சிரிச்ச முகமா ஒரு சாரி, சின்ன நோட்டு ஒண்ணு, கிளம்பு. லீவு போட்டுப் போறது ஊரு பாக்கவா நியாயம் கேக்கவா? ரசீதாம் கோர்ட்டாம். அங்க நின்னு வாதாடற ரெண்டு மணி நேரத்துக்கு என்ன மதிப்புன்னு யாராச்சும் கணக்குப் போட்டீங்களா.

கண்ணாடி:
வணக்கம். நீங்க மூணு பேரும் வேற வேற விஷயத்தைப் பத்திப் பேசறீங்க. தப்பு பண்ணினவன் சட்டப்படியான அபராதத்தைக் குறைக்க போலீஸ்கூட சேர்ந்து பண்ற பேரம் ஒண்ணு. தப்பே பண்ணாதவன்கிட்ட மிரட்டிப் பிடுங்கறது இன்னொண்ணு. முதல்ல ரெண்டு பேரும் லாபம் பாக்கறாங்க, அரசாங்கத்துக்கு நஷ்டம். ரெண்டாவதுல ஒருத்தன் பாதிக்கப்பட்டவன். தூரதேசி சொல்றது ரெண்டாவது, வண்டிக்காரன் சொல்றது முதலாவது. இதைப் பிரிச்சுக்கிட்டா பாதி சண்டை தீரும்.

சட்டப்புலி:
எதுவா இருந்தாலும் ரசீது கேட்டா தெரிஞ்சிடும்.

தூரதேசி:
கேட்டேன் சார். கேட்டேன். புத்தகத்தை எடுத்தாருன்னு எழுதியிருக்கேன், அதைப் படிச்சீங்க. அடுத்த வரியில லைசென்ஸை எடுத்து வெச்சுக்கிட்டாருன்னு எழுதியிருக்கேன், அதை மட்டும் தாண்டிட்டீங்க. புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு எழுதாம நிக்கிறதுதான் மிரட்டலே. "கோர்ட்னா நாளாகும், உன் ஃபிளைட் எப்போ?"ன்னு கேட்டாரு அந்த ஆள். போக்குவரத்து விதிக்கும் என் ஃபிளைட்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்வியை எதுக்குக் கேக்கணும்? கூட வந்தவர் பயந்துபோய் பர்சை எடுத்தாரு, புத்தகம் மூடிருச்சு, லைசென்ஸ் வெளிய வந்துருச்சு. கோட்டைத் தாண்டின குத்தம் எங்க போச்சு அப்புறம்?

ஏ கட்டம் கேட்டீங்க. இருந்துச்சு. எனக்கு ரெண்டும் இருக்கு, ரெண்டுலயும் முத்திரை இருக்கு. வேற ஏதாவது?

சட்டப்புலி:
இருந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க, நாங்க நம்பறோம்.

எல்லாரும் பாத்த ஒரு உதாரணத்துக்கு வருவோம். பாலி, 2013. நெதர்லாந்து டிவி நிருபர் ஒருத்தர் ஹெல்மெட் இல்லாம பைக்ல போய் வேணும்னே மாட்டிக்கிட்டு, ரகசிய கேமராவுல எடுத்தாரே, போலீஸ்காரர் 200,000 ரூபியா வாங்கிக்கிட்டு அதுலயே பீர் வாங்கி அவர்கூடவே உக்காந்து குடிச்சாரே, அது. உலகமே அந்தப் போலீசைத் திட்டுச்சு. ஆனா இந்தோனேசியாவுல 2009ஆம் வருஷத்து போக்குவரத்துச் சட்டப்படி ஹெல்மெட் இல்லன்னா 250,000 ரூபியா வரைக்கும் அபராதம், இல்லன்னா ஒரு மாசம் உள்ள. இவர் குடுத்தது 200,000. நிருபர் நிஜமாவே ஹெல்மெட் போடல. ரசீது கேட்டிருந்தா அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போயிருக்கும், பீர் கடைக்குப் போயிருக்காது. அவர் கேக்கல. அதான் மேட்டர்.

தூரதேசி:
அடடா, அப்ப பீர் வாங்கின போலீஸ்காரர் பாவம், ரசீது கேக்காத நிருபர்தான் குத்தவாளியா? அந்த ஆள் மேல நடவடிக்கை எடுத்தது அவங்க டிபார்ட்மெண்டே. உங்களுக்கு மட்டும் அவர் மேல இவ்வளவு பாசம்.

அந்த நாட்டு முறையையும் முழுசா சொல்லுங்க. அங்க சலான்ல சிவப்புத் தாள் நீலத் தாள்னு ரெண்டு உண்டு. சிவப்பு வாங்கினா கோர்ட்ல போய் வாதாடலாம். நீலம் வாங்கினா தப்பை ஒத்துக்கிட்டு அந்த நாட்டு அரசு வங்கியான ராக்யாட் வங்கியில பணத்தைக் கட்டிடலாம், கோர்ட்டுக்கே போக வேணாம். எவ்வளவு வசதியான முறை, வெளிநாட்டுப் பயணிக்குன்னே செஞ்ச மாதிரி. இந்த நீலத் தாளை வெளிநாட்டுக்காரன்கிட்ட தானா நீட்டினாங்கன்னு ஒரு பயணி எழுதி நீங்க படிச்சதுண்டா? எனக்குத் தெரிஞ்சு எல்லாரும் எழுதறது "கோர்ட், கோர்ட், கோர்ட்" மட்டும்தான். இருக்கற வழியை மறைக்கிறதுலதான் காசு.

வண்டிக்காரன்:
யோவ் தூரதேசி நீ அவ்ளோ சட்டம் தெரிஞ்சவன்னா அந்த இடத்துலயே நீலத் தாள் கேட்டிருக்க வேண்டியதுதானே. இங்க வந்து எழுதறப்போ மட்டும் எல்லாருக்கும் வீரம் வந்துரும்.

தூரதேசி:
ஒருமையில பேசாதீங்க. உங்ககிட்ட நான் மரியாதை கொறைச்சு ஒரு வார்த்தை எழுதல.

என்னை நிறுத்தின தீவு இந்தோனேசியான்னு நான் எங்கயும் சொல்லவும் இல்ல.

வண்டிக்காரன்:
சரிங்க ஐயா. மன்னிச்சுக்கோங்க ஐயா. நீங்க பெரியவர் ஐயா.

மழைத்துளி:
சண்டைக்கு நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். அடுத்த மாசம் வியட்நாம் போறோம், நானும் தங்கச்சியும். ரெண்டு பேருக்கும் டூவீலர் லைசென்ஸ் இருக்கு, இந்திய ஐடிபி எடுத்துட்டா போதுமா? பேப்பர் சரியா இருந்தா கேக்க மாட்டாங்கன்னு சட்டப்புலி சார் சொன்னதால கேக்கறேன்.

சட்டப்புலி:
தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா. இன்டர்நேஷனல்னு பேர்லயே இருக்கு. கூடவே ஒரிஜினல் லைசென்ஸையும் வெச்சுக்கோங்க, ஐடிபி மட்டும் தனியா செல்லாது. நிறுத்தினா ரசீது கேளுங்க.

கரையோரம்:
சட்டப்புலி சார், தயவுசெஞ்சு தெரியாத விஷயத்தைச் சொல்லி அந்தப் பொண்ணுங்களை மாட்டி விடாதீங்க. மழைத்துளி, இதைக் கவனமா படிங்க. ஐடிபி ஒரே வகை கிடையாது. சாலைப் போக்குவரத்து பத்தின 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி குடுக்கறது ஒண்ணு, 1968 வியன்னா ஒப்பந்தப்படி குடுக்கறது இன்னொண்ணு. இந்தியா குடுக்கறது 1949 வகை. வியட்நாம் சேர்ந்திருக்கறது 1968ல மட்டும். அதனால இந்திய ஐடிபி அங்க செல்லாது, அமெரிக்கக்காரங்களோடதும் இதே காரணத்தால செல்லாது. வாடகைக் கடைக்காரன் இதெல்லாம் கேக்காமலே வண்டி குடுத்துருவான், ரோட்ல நிறுத்தறப்போதான் தெரியும். 2025 ஜனவரி 1ல இருந்து அங்க அபராதமெல்லாம் பெருசா ஏத்திட்டாங்க. போலீசை விடப் பெரிய விஷயம், செல்லுபடியாகற லைசென்ஸ் இல்லாம விழுந்து அடிபட்டா டிராவல் இன்சூரன்ஸ் பணம் தர மாட்டாங்க. 50 சிசிக்குக் கீழ உள்ள வண்டிக்கு அங்க லைசென்ஸ் வேணாம், இல்லன்னா ஆள் வெச்சு ஓட்டற வண்டியில பின்னாடி உக்காந்து போங்க.

தூரதேசி:
நன்றி கரையோரம். இப்ப எல்லாரும் கவனிங்க. "பேப்பர் எல்லாம் கரெக்டா இருந்தா"ன்னு ஆரம்பிச்ச மனுஷனுக்கே எது கரெக்ட் பேப்பர்னு தெரியல. அப்ப முதமுதலா வெளிநாடு போற பொண்ணுக்கு எப்படித் தெரியும்? அங்க ரோட்ல நிக்கிற போலீஸ்காரனுக்கு மட்டும் அது அத்துப்படி. அவன் விரிக்கிற வலையே இந்த இடம்தான்.

சட்டப்புலி:
நான் பொதுவா சொன்னேன். ஒவ்வொரு நாட்டு விதியும் வேற வேறன்னு எனக்கும் தெரியும். ஐடிபி செல்லலன்னா அது தப்பு, தப்புக்கு அபராதம், அபராதத்துக்கு ரசீது. என் வாதம் எங்கயும் ஆடல.

தவிர தூரதேசி அவர்களுக்கு என் மேல என்ன கோபம்னு எனக்கு நல்லாத் தெரியும். இன்சூரன்ஸ் இழையில அவர் போட்ட கணக்கு தப்புன்னு காட்டினேன், அன்னைலேர்ந்து நான் எங்க வாயைத் தொறந்தாலும் வந்து நிக்கிறார்.

தூரதேசி:
இன்சூரன்ஸ் கணக்குல நான் எழுதினது சரி. அங்கேயே வந்து பாருங்க, கடைசிப் பதில் என்னோடது, அதுக்கு நீங்க மறுபடி வரவே இல்ல. அதை இங்க இழுக்காதீங்க.

கண்ணாடி:
நான் சொன்ன ரெண்டு வகைப் பிரிவை யாரும் தொடவே இல்ல. பரவால்ல. ஆய்வுகள் என்ன சொல்லுதுன்னாவது பாப்போம். இந்தோனேசியாவோட அச்சே மாகாணத்துல லாரிங்க கூடவே ஆள் உக்காந்து போய் எண்ணினாங்க. 304 பயணம், போலீசுக்கும் ராணுவத்துக்கும் எடைமேடைக்காரங்களுக்கும் குடுத்த சட்டவிரோதப் பணம் 6,000 தடவைக்கு மேல. அதுல முக்கியமானது எதுன்னா, அங்க கிளர்ச்சிக்காரங்களோட 2005ல போட்ட சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் ராணுவம் வாபஸ் ஆகி சோதனைச் சாவடிங்க கொறைஞ்சப்போ, மிச்சம் இருந்த சாவடிக்காரங்க ஒவ்வொருத்தரும் வாங்கற தொகையை ஏத்திட்டாங்க. மொத்தச் செலவு கொறைஞ்சுது, ஆனா சாவடி கொறைஞ்ச அளவுக்குக் கொறையல. இது குணக்கேடு மட்டும் இல்ல, ஒரு சந்தை. எதிர்ல இருக்கறவன் எவ்வளவு தாங்குவான்னு பாத்துத்தான் விலை.

வண்டிக்காரன்:
லாரிக்காரன் கதை எதுக்கு இங்க? டூரிஸ்ட் பத்திப் பேசறோம்.

தூரதேசி:
வண்டிக்காரன், அது சம்பந்தம் உள்ளதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க. எவ்வளவு தாங்குவான்னு பாத்து விலைன்னு கண்ணாடி சொல்றாரே, அதைத்தான் நான் முதல் பதிவுல இருந்து கத்திக்கிட்டு இருக்கேன். லாரிக்காரன் தினமும் அதே ரோட்ல வர்றவன், அவனுக்கு ரேட் தெரியும், மத்த டிரைவர்கிட்ட கேட்டுப்பான். வெளிநாட்டுக்காரன் ஒரு தடவை வர்றவன், திரும்ப வரவே மாட்டான், சாட்சி சொல்லவும் மாட்டான், புகார் குடுத்தாலும் விசாரணைக்கு இருக்க மாட்டான். அவனைவிடத் தோதான ஆள் கெடைக்குமா? அவன்கிட்ட ரசீது கேளுன்னு சொன்னா அந்த ரசீதுக்குப் பின்னால நிக்கிற கோர்ட்டு, தேதி, மொழிபெயர்ப்பாளர், தங்கற செலவு எல்லாத்தையும் அவன் தலையில கட்டற மாதிரி.

காங்கோவுல கின்ஷாசா டிராஃபிக் போலீஸ் பத்தி வந்த ஆய்வையும் யாராச்சும் படிச்சிருந்தா சொல்லுங்க. அங்க மேலதிகாரியே ரோட்ல நிக்கிற ஆளுங்களுக்கு இத்தனை டிரைவரை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு வரணும்னு இலக்கு வெக்கிறான். அங்கதான் பேரம். அப்படி ஒரு அமைப்புல போய் ரோட்ல நிக்கிறவன்கிட்ட ரசீது கேட்டா அவன் எதுக்கு ஓடணும்? "வா ஸ்டேஷனுக்கு, தர்றேன்"னுதான் சொல்லுவான். அவனுக்கு வேண்டியதும் அதுதானே!

சட்டப்புலி:
காங்கோவுக்கு எத்தனை பேர் ஸ்கூட்டர் ஓட்டப் போறாங்க சார்? ஒரு மூலையில நடக்கறதைக் காட்டி உலகத்துல எல்லாப் போலீசும் இப்படின்னு சொல்றது நியாயமா? நேர்மையா வேலை பாக்கறவங்களுக்கு அசிங்கம் இது. என் குடும்பத்துலயே காக்கிச் சட்டை போட்டவங்க இருக்காங்க, வெயில்ல நின்னு புகை குடிச்சு நெஞ்சு வியாதி வந்தவங்க. அதைப் பத்தி ஒருத்தரும் இழை ஆரம்பிக்க மாட்டீங்க.

கரையோரம்:
எல்லாப் போலீசும்னு தூரதேசி சொல்லல. அது நீங்களா சேத்துக்கிட்டது.

வண்டிக்காரன் ஈசியா சொன்னாரே நோட்டைக் குடு கிளம்புன்னு, அதுக்கு வர்றேன். நான் சிங்கப்பூர்க் குடிமகன். எங்க ஊழல் தடுப்புச் சட்டம் 37ஆம் பிரிவுப்படி குடிமகன் வெளிநாட்டுல லஞ்சம் குடுத்தாலும் சிங்கப்பூருக்குள்ள குடுத்த மாதிரியே வழக்குப் போடலாம். மலேசியாவுல 2009 சட்டம் இன்னும் ஒரு படி மேல, 25ஆம் பிரிவுல உங்ககிட்ட லஞ்சம் கேட்டா நீங்க போய்ப் புகார் சொல்றது கடமை, காரணமில்லாம சொல்லாம விட்டா அதுவே குத்தம். இந்தியாவுல 2018 திருத்தத்துக்கு அப்புறம் குடுக்கறவனும் குத்தவாளி, கட்டாயப்படுத்தி வாங்கினா 7 நாளுக்குள்ள புகார் குடுத்தா மட்டும்தான் விலக்கு. சின்ன நோட்டுன்னு நீங்க சொல்றது அவ்ளோ சின்ன விஷயம் இல்ல.

வண்டிக்காரன்:
சட்டம் ஆயிரம் இருக்கும். ரோட்ல குடுத்த சின்ன நோட்டுக்காக ஒரு டூரிஸ்ட்டைப் பிடிச்சு உள்ள வெச்சாங்கன்னு ஒரு கேஸ் காட்டுங்க பாப்போம். காட்டிட்டு அப்புறம் பேசுங்க.

சட்டப்புலி:
இந்த ஒரு விஷயத்துல கரையோரம் சொல்றது சரி. வண்டிக்காரன் மாதிரி ஆளுங்க நோட்டை நீட்டி நீட்டித்தான் அந்தப் போலீசைக் கெடுத்து வெச்சிருக்காங்க. அடுத்த டூரிஸ்ட்டுக்கும் அதே ரேட்டை நீங்கதான் முடிவு பண்ணிட்டு வர்றீங்க. ரசீது கேட்டிருந்தா இந்த நிலைமை வருமா?

வண்டிக்காரன்:
மறுபடியும் ரசீதா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுவீங்க அதை.

கண்ணாடி:
கெடுத்தது யாருன்னு கேட்டா பதில் அவ்வளவு சுலபமில்ல. நியூயார்க்ல ஐநா தூதர்களோட கார் பார்க்கிங் அபராதத்தை வெச்சு ஒரு ஆய்வு உண்டு. 1997ல இருந்து 2002 வரைக்கும் தூதர்கள் கட்டாம விட்ட சீட்டு 150,000க்கு மேல, தொகை 18 மில்லியன் டாலர். ஊழல் அதிகம்னு பேர் வாங்கின நாட்டுக்காரங்கதான் அதிகமா கட்டாம விட்டாங்க, நார்வே ஸ்வீடன் மாதிரி நாட்டுக்காரங்க பேர்ல ஒண்ணுகூட இல்ல. ஆனா 2002 கடைசியில நம்பர் பிளேட்டைப் பிடுங்கிடுவோம்னு நகர நிர்வாகம் இறங்கினதும் விதிமீறல் ஏறக்குறைய மொத்தமா நின்னு போச்சு. பழக்கமும் உண்டு, பயமும் உண்டு.

தூரதேசி:
கண்ணாடி, நீங்க சொல்றதுல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இது தலைகீழ் உதாரணம். தூதருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு, எந்தப் போலீசும் தொட முடியாது, அதனால ஆடினாங்க. ஸ்கூட்டர்ல போற பயணிக்கு என்ன இருக்கு? பாஸ்போர்ட்டைக்கூட வாடகைக் கடைக்காரன் வாங்கி வெச்சிருப்பான். அதிகாரம் யார் கையில இருக்குன்னு பாருங்க, தப்பு அங்கதான் நடக்கும். பயணியைக் குத்தம் சொல்ற பழக்கத்தை முதல்ல விடுங்க எல்லாரும்.

மாத்த முடியாதுன்னும் இல்ல. ஜார்ஜியாவுல 2004ல டிராஃபிக் போலீஸ் படையை ஒட்டுமொத்தமா கலைச்சாங்க. ஆயிரக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பிட்டு, புதுசா ரோந்துப் போலீஸ் எடுத்து, சம்பளத்தை நல்லா ஏத்தி, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கண்ணாடிச் சுவர் வெச்சுக் கட்டினாங்க, உள்ள என்ன நடக்குதுன்னு ரோட்ல போறவன் பாக்கலாம். ரோட்ல லஞ்சம் கேக்கறது அங்க அடங்கிப் போச்சு. உக்ரைன்ல கீவ் நகரத்துல 2015ல அதே வழியில புதுப் போலீசை இறக்கினாங்க. அரசாங்கம் நெனச்சா முடியும். ரசீது கேக்கற டூரிஸ்ட் யாரும் அதை மாத்தல.

கண்ணாடி:
சம்பளம்னு சொன்னதால ஒரு திருத்தம். கானாவுல 2010ல போலீஸ் சம்பளத்தை ரெண்டு மடங்கா ஆக்கினாங்க. நெடுஞ்சாலையில லாரிங்ககிட்ட வாங்கற தொகை கொறையறதுக்குப் பதிலா கூடிடுச்சுன்னு அளந்து பாத்தவங்க எழுதியிருக்காங்க. அதனால சம்பளம் மட்டும் போதாது.

தூரதேசி:
சம்பளம் மட்டும்னு நான் எங்க சொன்னேன்? கலைச்சாங்க, புதுசா எடுத்தாங்க, கண்ணாடிச் சுவர், சம்பளம். நாலு சொன்னேன். நீங்க ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு திருத்தம்னு வர்றீங்க. சட்டப்புலி வியாதி உங்களுக்கும் தொத்திக்கிச்சா?

கண்ணாடி:
நான் உங்க பக்கம்தான் பேசிக்கிட்டு இருந்தேன். இனிமே நீங்களே பாத்துக்கோங்க.

சட்டப்புலி:
பாத்தீங்களா, ஆதரவா பேசினவரையும் விரட்டியாச்சு. இவர்கூட யார்தான் பேச முடியும்.

என் கேள்வி அப்படியே நிக்குது. ஜார்ஜியாவுல 2004ல என்ன நடந்தா என்ன, இன்னைக்கு ரோட்ல நிறுத்தப்படற ஒரு ஆள் என்ன பண்ணணும்? நான் ஒரு வழி சொன்னேன், ரசீது கேளுங்கன்னு. தூரதேசி இவ்வளவு எழுதினதுல ஒரு வழி சொல்லியிருக்காரா?

மழைத்துளி:
ஆமா சார், அதைத்தான் நானும் கேக்க நெனச்சேன். வியட்நாம்ல வண்டி எடுக்கல, முடிவு பண்ணிட்டோம். ஆனா வேற எங்கயாவது காரோ பைக்கோ எடுத்து, நிறுத்திட்டாங்கன்னா என்ன செய்யறது?

தூரதேசி:
வழி கேட்டீங்கள்ல, எழுதறேன். போறதுக்கு முன்னாடி அந்த நாடு எந்த ஒப்பந்தத்துல இருக்குன்னு அவங்க தூதரகப் பக்கத்துல பாத்துக்கோங்க. உங்க ஐடிபியில எந்தக் கட்டத்துல முத்திரை இருக்கோ அந்த வண்டியை மட்டும் எடுங்க. பாஸ்போர்ட் ஒரிஜினலை வாடகைக் கடையில குடுக்காதீங்க, முன்பணம் வாங்கிக்கிற கடையாப் பாருங்க. நகல் எடுத்து வெச்சுக்கோங்க. ஹெல்மெட், ஷர்ட் எல்லாம் ஒழுங்கா இருக்கட்டும், கடற்கரையில இருந்து அப்படியே வெறும் உடம்போட ஓட்டிட்டு வர்ற ஆளைத்தான் தூரத்துலயே குறி வெச்சுடறாங்க. அந்த நாட்டு அபராதத் தொகை எவ்வளவு, அதை எங்க கட்டணும்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அபராதம் வங்கியில கட்டற நாடா இருந்தா "வங்கியிலயே கட்டிடறேன், சீட்டுக் குடுங்க"ன்னு நேரா கேளுங்க, கோர்ட்டுன்னு மிரட்ட அவனுக்கு இடம் குடுக்காதீங்க. குரலை உயர்த்தாதீங்க. முகத்துக்கு நேரா கேமராவை நீட்டாதீங்க, சில இடத்துல அதுவே புது வழக்காயிடும். பேட்ஜ் நம்பர், இடம், நேரம் மனசுல வாங்கிக்கோங்க. டூரிஸ்ட் போலீஸ்னு தனிப் பிரிவு இருக்கற நாடுகள்ல அவங்களைக் கூப்பிடறேன்னு அமைதியா சொல்லுங்க, தாய்லாந்துல 1155னு ஒரு எண்ணே இருக்கு. அந்தப் பேச்சுக்கே சில பேர் விட்டுடுவாங்க, சில பேர் விட மாட்டாங்க. விடலன்னா ரெண்டு பொண்ணுங்க தனியா நிக்கிற இடத்துல உங்க பாதுகாப்புதான் முதல்ல. அந்த நேரத்துல நீங்க என்ன முடிவு எடுத்தாலும் உங்களைக் கேள்வி கேக்க இங்க யாருக்கும் தகுதி இல்ல. பத்திரமா ரூமுக்கு வந்தப்புறம் புகாரை எழுதுங்க.

சட்டப்புலி:
"வங்கியிலயே கட்டிடறேன், சீட்டுக் குடுங்க." அப்ப ரசீதுதானே கேக்கச் சொல்றீங்க? இதைத்தானே நான் முதல்ல இருந்து சொல்றேன்? எல்லாரும் பாத்துக்கோங்க, சுத்தி வளைச்சு என் வரிக்கே வந்து நிக்கிறாரு.

தூரதேசி:
சீட்டு வேற ரசீது வேற. சீட்டுங்கறது கட்டறதுக்கு முன்னாடி குடுக்கற சலான். நீங்க சொன்னது கேட்டா ஓடிடுவான்னு. நான் சொன்னது சில பேர் விடவே மாட்டாங்கன்னு. ரெண்டும் ஒண்ணா? "ஓடிடுவான்" அந்த ஒரு வார்த்தையை வாபஸ் வாங்குங்க, நான் இப்பவே இழையை மூடச் சொல்றேன்.

சட்டப்புலி:
எதுக்கு வாபஸ் வாங்கணும்? என்கிட்ட கேட்டப்போ ஓடினான். ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும்.

தூரதேசி:
எந்த நாட்டுல? எந்த ரோட்ல? ரசீது கேட்டதும் முதுகைக் காட்டி ஓடினானா, இல்ல அடுத்த வண்டியை நிறுத்தப் போனானா? இதைக் கொஞ்சம் விவரமா எழுதுங்க சார்.

சட்டப்புலி:
எனக்கு வேலை இருக்கு. ராத்திரி வந்து எழுதறேன்.

வண்டிக்காரன்:
ராத்திரி வரைக்கும் ஒருத்தரும் இதுல எழுதாதீங்கப்பா, அவர் வந்து சொல்லட்டும் எந்த ரோடுன்னு.

தூரதேசி:
நான் எழுதுவேன். இன்னொரு தடவை முதல்ல இருந்து வரிசையா எழுதறேன், ஏன்னா மேல நடந்த சண்டையில முக்கியமான விஷயம் எல்லாம் அடிச்சுட்டுப் போயிடுச்சு. லைசென்ஸை எடுத்து வெச்சுக்கிறது, ஃபிளைட் எப்போன்னு கேக்கறது, புத்தகத்தை எடுத்துட்டு எழுதாம நிக்கிறது. இந்த மூணுல ஒண்ணுக்காவது சட்டப்புலி பதில் சொல்லணும், ரசீதுங்கற சொல்லே இல்லாம.